கை விலகிய பிறகு

ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906-இல் எடுத்த ‘ஹ்யூமரஸ் ஃபேஸஸ் ஆஃப் ஃபன்னி ஃபேஸஸ்’ மூன்று நிமிடப் படம். (தமிழில் எழுதினால் இரண்டு ‘ஃபேஸஸ்’ஸும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்ய.) கரும்பலகை, சாக்பீஸ். முதலில் ஒரு கை வந்து முகம் வரைகிறது. அப்புறம் கை விலகிவிடுகிறது, கோடுகள் தாமாகவே முளைக்கின்றன. ஆண் சுருட்டுப் புகையை ஊத, எதிரே இருக்கும் பெண் முகம் சுளித்துப் புகைக்குள் மறைகிறாள். அந்த ஜோக்குக்கு இன்று பெரிதாகச் சிரிப்பு வராது. அந்தக் கையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அடுத்த வருஷமே ‘த ஹான்டட் ஹோட்டல்’ படத்தில் பிளாக்டன் கையை முழுசாக ஒளித்துவிட்டார். கத்தி தானாக ரொட்டியை நறுக்குகிறது. பாரிஸே வாயைப் பிளந்தது. 1908-இல் எமில் கோல் அங்கே தீக்குச்சிகளை ஆடவிட்டார். 1915-இல் தாதாசாகேப் பால்கேயும் தீக்குச்சிகளை வைத்தே ‘ஆக்காட்யாஞ்சி மௌஜ்’ எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. ‘இந்தியாவின் முதல் அனிமேஷன்’ என்று பட்டம் மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை நகலாகிறது. பார்க்க முடியாத படத்தின் மரபை எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்து செய்முறையில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 16 சட்டகம் என்றால் நிமிடத்துக்கு 960. ஒவ்வொன்றுக்கும் குச்சியை ஒரு மயிரிழை நகர்த்தி, கையை எடுத்துவிட்டு, படம் பிடிக்கணும். கை தெரிந்தால் மாயம் செத்தது.

கோவில்பட்டிக்காரனுக்கு இது புது விஷயமில்லை. மழை பொய்க்கும் கரிசலும் காய்ந்த காற்றும்தான் தீப்பெட்டித் தொழிலை இங்கே நிலைக்க வைத்தன. குச்சி மருந்து காய ஈரமில்லாத வெயில் வேணும், விளைச்சல் இல்லாத வீட்டுக்குக் கூலி வேணும். மெஷின் வருவதற்கு முன்னால் பெண்கள் சட்டத்தில் ஒவ்வொரு குச்சியாக அடுக்கினார்கள், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினார்கள். லேபிளில் மயிலும் யானையும் இருக்கும். அந்த விரல்கள் இருக்காது. அனிமேஷன் வரலாறும் அதே லேபிளைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘இன்னாரின் மாயாஜாலம்’ என்று.

பால்கே காலத்தில் வெளிநாட்டு ஃபிலிம் துளையில்லாமல்தான் வந்தது. அவருடைய ஆரம்பப் படங்களுக்கு அதில் வரிசையாகத் துளை போட்டுக்கொடுத்தவர் மனைவி சரஸ்வதிபாய். கேமராவின் பல் அந்தத் துளைகளைப் பற்றி இழுத்தால்தான் அடுத்த சட்டகம் வரும்.