தென்றலுக்குத் தாழ்ப்பாள்

ஒரே தளம், ஒரே மாடிப்படி, நான்கு வீடுகள், நான்கு திசைகள்! சென்ற ஆண்டு, வீடு வாங்க விரும்பிய நண்பருடன் அபிராமபுரத்து அடுக்குமாடி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மூன்று வீடுகளுக்குப் போட்டி. தெற்கு நோக்கிய வீட்டுக்கு, விலையைக் குறைத்தும் ஆளில்லை. ஏன் என்றோம். "எமன் திசை, ஐயா" என்றார் தரகர். அதே செங்கல், அதே சிமெண்டு, அதே கொத்தனாரின் கைவண்ணம். வாசல் திரும்பியதால் எமன் வந்து குடியேறிவிட்டானாம்!

சாத்திரத்தின் பெயரால்தானே இந்த அச்சம்? அந்தச் சாத்திரத்தையே புரட்டிப் பார்ப்போம், தோழர்களே. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை வீட்டுக்கு அளவு வகுக்கிறது. பிராமணன் வீட்டுக்கு 32 முழம். வருணம் இறங்க இறங்க நான்கு நான்கு முழமாகக் குறைத்து, சூத்திரனுக்கு 20. அவனுக்கும் கீழே தள்ளப்பட்டவனுக்கு இன்னும் குறைவு. மண்ணையும் விட்டுவைக்கவில்லை. வெண்மண் பிராமணனுக்கு, செம்மண் சத்திரியனுக்கு, மஞ்சள் வைசியனுக்கு, கரிய மண் சூத்திரனுக்கு! இன்றைய வாஸ்து நிபுணர் இந்த ஏட்டை மெல்ல மடித்து வைத்துவிட்டு, மூலைகளை மட்டும் விற்கிறார். வருபவரிடம் வருணம் கேட்டால் வணிகம் படுத்துவிடும் அல்லவா?

பழையன எல்லாம் பழுது என்பதல்ல நம் வாதம். முற்றமும் திண்ணையும் வெயிலறிந்த, மழையறிந்த கொத்தர் கண்ட செல்வங்கள். இன்று முற்றம் போயிற்று, திண்ணை போயிற்று. மூலை பற்றிய பயம் மட்டும் மின்தூக்கியில் ஏறி ஐந்தாம் மாடிக்கு வந்துவிட்டது!

சென்னையின் வேனில் மாலையில் உயிர் தருவது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் கடற்காற்று. அந்தத் தென்கிழக்கை அக்கினி மூலை என்று அடுப்புக்கு ஒதுக்குகிறார்கள். காற்று முதலில் அடுப்பங்கரையில் நுழைந்து, தாளித்த புகையைச் சுமந்துகொண்டு படுக்கையறைக்கு வருகிறது. தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்று பெயரிட்டுக் கொஞ்சிய தமிழன், அந்தத் தெற்குக்கே கதவடைக்கிறான்!

"மண் பரிசோதனை அறிக்கை கேட்டீரா?" என்றோம் நண்பரை. விழித்தார். இதே சென்னையின் புறநகரான மவுலிவாக்கத்தில், 2014 சூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர். அங்கே மண்ணின் தாங்குதிறன் என்ன, தூணின் வலிமை என்ன என்பதல்லவா கேட்டிருக்க வேண்டிய கேள்வி? அதைக் கேட்க நண்பருக்கு நேரமில்லை. ஈசானிய மூலையை அளக்க மட்டும் இரண்டு மணி நேரம் இருந்தது.

கிழக்கு வாசல் வீட்டையே வாங்கினார். வைகாசியில் போய்ப் பார்த்தோம். தென்புறச் சன்னலும் தோஷமாம். பலகையடித்து மூடி, அதன்மேல் குளிரூட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்.