துடைக்கப்படாத சாளரம்

இயற்கைக் காட்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் தொலைதூரம் பறந்துவிடுகிறது. பனி மூடிய சிகரம், நீல ஏரி, அதன் கரையில் ஊசியிலை மரங்கள்: நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகள் நெடுங்காலமாக நமக்குக் கற்பித்திருக்கும் இயற்கை இதுவே. அந்த ஏரி எந்த நாட்டில் உள்ளது என்று நாம் கேட்டதில்லை. அதைப் படம் எடுத்தவர் அங்கே எத்தனை நாள் தங்கினார் என்றும் கேட்டதில்லை. மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டு அடுத்த ஏரிக்குப் போய்விடுகிறோம். அழகு எப்போதும் வேறோர் ஊரில்தான் குடியிருக்கிறது என்னும் எண்ணம் இவ்வாறு நம்முள் வேரூன்றிவிட்டது. கைப்பேசியோடு கேமராவும் நம் கைக்கு வந்துவிட்ட இந்நாளிலும், சுற்றுலாவில் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும் நாம், வாசலில் நிற்கும் வேப்பமரத்தை ஒருமுறையேனும் நின்று எடுத்திருக்கிறோமா என்பது ஐயமே.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க, செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சுடெக்கின் படைப்புகளைவிடச் சிறந்த உரைகல் நமக்குக் கிடைப்பது அரிது. 1896-இல் பிறந்த அவர் இளமையில் நூற்கட்டுத் தொழில் பயின்றார். முதல் உலகப் போரில் இத்தாலிய முனையில் காயமுற்று வலது கையை இழந்தார். பழைய தொழிலுக்குத் திரும்ப முடியாத நிலையில் புகைப்படக் கலை அவருக்கு வாழ்வாயிற்று. 1920-களில் பிராகு நகரின் புனித விட்டுஸ் பேராலயத்தைப் படம்பிடித்தார். அவற்றுள் பதினைந்து படங்கள் 1928-இல் தொகுப்பாக வெளிவந்தன. வானளாவிய தூண்களுக்கிடையே ஒளி இறங்கும் காட்சியை எடுத்தவர் அவர். அதே கலைஞர்தாம் 1940 முதல் 1954 வரை, தம் சிறிய மரக்கூடத்தின் சாளரத்தையும் அதற்கு வெளியே தெரிந்த சில அடி முற்றத்தையும் மீண்டும் மீண்டும் படம் எடுத்தார்.

அந்தப் படங்களில் நாம் காண்பது என்ன? அடுக்குமாடி வீடுகளின் பின்புறத்தில் அமைந்த ஒரு முற்றம். அதில் வளைந்து முறுக்கிய ஒரு மரம். அவ்வளவே. ஆனால் ஒரு நாள் கண்ணாடியில் மழைத்துளிகள் வழிகின்றன. மற்றொரு நாள் உறைபனி இலைக்கோலம் இட்டிருக்கிறது. வேறொரு நாள் கண்ணாடி முழுவதும் ஈரம் படிந்து, மரம் வெறும் நிழலாகக் கரைந்து நிற்கிறது. 1956-இல் எடுத்த ஒரு படத்தில், சாளர விளிம்பில் ஒரு கண்ணாடிக் குவளையும் அதில் ரோஜா மலர்களும் இருக்கின்றன. பின்னால் துளிகள் படிந்த கண்ணாடி. மரம் மாறவில்லை, சாளரம் மாறவில்லை. மாறியவை பருவமும் ஒளியும் ஈரமும்தான். ஓரிடத்தைப் பலமுறை பார்த்தவனுக்கே இம்மாற்றங்கள் தெரியும். வழிப்போக்கன் ஒரு மரத்தைக் காண்கிறான். அங்கே வாழ்பவன் அம்மரத்தின் வாழ்நாளைக் காண்கிறான்.

அவர் கையாண்ட செய்முறையும் இந்தப் பொறுமைக்கு இயைந்ததே. 1940-இல் சார்த்தர் பேராலயச் சிலை ஒன்றின் பழைய புகைப்படத்தை அவர் கண்டார். அது நெகட்டிவைப் பெரிதாக்காமல், தாளின்மேல் நேரே வைத்து எடுத்த படி. அதில் விளங்கிய நிறைவு அவரைக் கவர்ந்தது. அதன்பின் தம் படங்களையும் பெரும்பாலும் அவ்வாறே ஆக்கினார். இம்முறையில் நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமானால் பெரிய கேமராவைத்தான் தூக்கவேண்டும். ஒற்றைக் கையுடைய ஒருவர் இதைத் தேர்ந்துகொண்டார் என்பதை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. அவருடைய படங்களில் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே உள்ள எண்ணற்ற சாம்பல் நிறப் படிகள் இந்த உழைப்பின் விளைவு. அருகில் உள்ளதைப் படம் எடுப்பது எளிது என்று எண்ணுவோருக்கு அவை தக்க மறுமொழி. தொலைவில் உள்ள சிகரம் தன் பெருமையாலேயே படத்தைத் தாங்கிவிடும். முற்றத்து மரத்துக்கோ பார்வைதான் தோள்கொடுக்கவேண்டும்.

அருகாமை மட்டும் போதுமா? இங்கே வேறொரு கலைஞரை நினைவுகூர்வது தகும். அமெரிக்கப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், 1922-இல் நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரையில் இருந்த தம் குடும்பத்தின் கோடை இல்லத்திலிருந்து மேகங்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். அவரை உயர்த்தியது அவர் படம்பிடித்த மனிதர்களின் சிறப்பே என்று கருதியவர்களுக்கு, எல்லார் தலைக்கு மேலும் உள்ள வானத்தைக் கொண்டே விடையளிக்க விழைந்தார். முதற்படங்களில் மலைகளின் விளிம்பு தெரிகிறது. பின்னர் அடிவானமே மறைந்துவிடுகிறது; மேகம் மட்டும் எஞ்சுகிறது. அப்படங்களைத் தம் உள்ளுணர்வுகளுக்கு இணையானவை என்னும் பொருள்பட அவர் பெயரிட்டழைத்தார். கலை வரலாற்றில் அவை பெற்ற இடத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மேகங்களில் ஜார்ஜ் ஏரி இல்லை. எந்த ஊரும் இல்லை. அருகில் உள்ள வானத்தை எடுத்தும், இறுதியில் அவர் காட்டுவது தம்மையே. சுடெக்கின் சாளரத்தில் கலைஞரின் உள்ளமும் இருக்கிறது, அந்த மரமும் தன் உரிமையோடு நிற்கிறது. வீட்டருகே இயற்கையைத் தேடுவோர் கற்கவேண்டிய நுட்பம் இதுவே என்பது நம் கருத்து.

இனி, தவிர்க்கமுடியாத ஒரு கேள்விக்கு வருகிறோம். இப்படங்கள் தொடங்கிய 1940-இல் பிராகு நாசிப் படையின் பிடியில் இருந்தது. கேமராவுடன் தெருவில் நடப்பதே ஐயத்துக்கு இடமளித்த காலம் அது. 1941-இன் இறுதியிலிருந்து யூதர்கள் அந்நகரிலிருந்து தெரேசீன் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்து பெருந்தொகையினர் கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வேளையில் ஒருவர் தம் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அயலார் துன்புறும்போது அழகைப் பார்த்திருப்பது கண்ணை மூடிக்கொள்வதற்கு ஒப்பாகாதா? இக்கேள்வியைக் கேட்காமல் இப்படங்களை வெறுமனே புகழ்வது நேர்மையாகாது.

சுடெக்குக்காகச் சொல்லத்தக்கவை சில உண்டு. 1920-களிலேயே அவர் பிராகு நகரின் போர் ஊனமுற்றோர் இல்லத்தில், தம்மைப் போலவே உடல் சிதைந்த வீரர்களோடு பழகி அவர்களைப் படம்பிடித்திருந்தார். துன்பத்தைக் காண அஞ்சியவர் அல்லர். மேலும், சாளரப் படங்கள் உலகம் அமைதியாக இருக்கிறது என்று பொய் சொல்வதில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்திருந்தால் நமக்குத் தெளிவான தோட்டம் ஒன்று கிடைத்திருக்கும்; நாட்காட்டிக்கு ஏற்ற படமாக அது அமைந்திருக்கும். அவரோ ஈரத்தை அப்படியே விட்டார். தாம் உள்ளே இருப்பதையும், வெளியே செல்லவொட்டாமல் ஏதோ தடுப்பதையும், தம் பார்வை முழுமையற்றது என்பதையும் ஒவ்வொரு படத்திலும் அவர் ஒப்புக்கொள்கிறார். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை மறைக்காத இந்த வாய்மையே அப்படங்களின் உயிர்.

ஆனாலும் கேள்வி முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. தெருவில் நடந்த கொடுமைக்கு இச்சாளரம் சாட்சி ஆகாது. ஈரத்தை உற்றுநோக்கியது அயலாருக்குச் செலுத்தவேண்டிய கடனைத் தீர்த்துவிடாது. கலைக்கு உள்ள எல்லை அது. கலையை விரும்புவோர் அந்த எல்லையை மறைக்க முயல்வது கலைக்கே செய்யும் தீங்கு. ஒன்றை மட்டும் நாம் துணிந்து கூறலாம்: முற்றத்து மரத்தைப் பதினான்கு ஆண்டுகள் சலிப்பின்றிப் பார்த்தவரின் கண், பழகியது என்பதாலேயே எதையும் ஒதுக்கிவிடாத கண். நம் காலத்தில் பல அநீதிகள் மறைவில் நடப்பதில்லை. பழகிப்போன இடத்திலேயே நடக்கின்றன; பழகிப்போனதாலேயே நம் பார்வையில் படுவதில்லை.

ஆகவே வீட்டருகே படம் எடுக்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு நாம் கூறத்தக்கது இதுவே. ஒரே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிணற்றடியானாலும் சரி, மொட்டைமாடியில் இருந்து தெரியும் முருங்கையானாலும் சரி. ஓராண்டுக்காலம் அதை விடாதீர்கள். மின்கம்பி குறுக்கே வந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள். நீங்கள் வாழும் இடம் அதுதான். விடியலிலும் மழைக்குப் பின்னும் சென்று பாருங்கள். ஆண்டின் இறுதியில் உங்கள் கையில் சிறந்த படம் ஒன்றேனும் இருக்குமா என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் அந்த மரத்தடியில் நாள்தோறும் யார் வந்து அமர்கிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.