வெளித் தொடரியல்: அயனம்பாக்கத்தை முன்வைத்து ஒரு விமர்சனம்

1736இல் ஆய்லர் கோனிக்சுபெர்க் நகரின் நிலப்பகுதிகளைக் கணுக்களாகவும் பாலங்களை இணைப்புகளாகவும் கொண்டார். பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் 1984இல் நூலாக்கிய வெளித் தொடரியல், தெருக்களை நேர்க்கோடுகளாக உடைத்து, ஒவ்வொரு கோட்டையும் ஒரு கணுவாக்கியது. எத்தனை திருப்பம் என்பதே இதில் தொலைவு. மீட்டர் கணக்கில் வராது. கார்லோ ராட்டி 2004இல் இக்குறையைச் சுட்டினார்.

அயனம்பாக்கத்தில் அது வெளிப்படை. ஏரியைச் சுற்றிப்போக நேரும் நீண்ட நேர்ச்சாலை ஒரே கணு. ஊருக்குள் வளையும் குறுஞ்சந்தோ மூன்று நான்கு கணுக்கள். நடப்பவர் கால் இதை ஒப்புமா? மழைநீர் முழங்காலளவு நின்றாலும் கோட்டுருவில் இணைப்பு அறுவதில்லை. வரைபடத்தை எங்கே வெட்டுவது என்பது இன்னும் பெரிய சிக்கல். அம்பத்தூர் தொழிற்பேட்டையை வெளியே விட்டால், காலையில் அதை நோக்கி நெரியும் தெருவும் ஒதுக்குப்புறமாகவே கணக்கில் ஏறும்.