எரிமலை உலையும் அடிமை வயலும்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954-55இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘லோர்ட் ஒவ் த றிங்ஸ்’ என்னும் புனைகதையில், மோர்டோர் நாட்டின் எரிமலையே இயற்கை உலைக்களமாகின்றது. கொடுங்கோலன் சவுரோன் ஆதிக்க மோதிரத்தை ஆக்கியது அங்கேதான். அது அழியக்கூடியதும் அந்நெருப்பிலேதான். எனவே வாசகர் கவனம் அம்மலையின் மர்மத்திலேயே நிலைக்கின்றது.

ஆயின், சவுரோனின் படைகளுக்குச் சோறிட்டது நெருப்பன்று. தெற்கே நூர்னென் ஏரிப்புறத்தில் அடிமைகள் உழைத்த வயல்களே. அவர்களைப் பற்றி ஆசிரியர் கூறுவன சில வரிகளே, ஒருவருக்கேனும் பெயரில்லை.

எனினும், போர் முடிந்தபின் அரசன் அரகோர்ன் அவ்வடிமைகளை விடுவித்து அந்நிலத்தை அவர்களுக்கே உரிமையாக்குகின்றான். மோதிரம் உருகுவதால் மட்டும் ஆதிக்கம் ஒழிவதில்லை. உழுதவன் கைக்கு நிலம் வருதல் வேண்டும் என்பதை இச்செய்கை உணர்த்துகின்றது. அதனை விரித்துரையாமையே இப்புனைகதையின் பெருங்குறை எனலாம்.