இரைச்சலிலிருந்து ஒரு தந்தி

இசைத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர், பாடத்திட்டம் ஏதுமின்றி, ஒரு வழிகாட்டியின் துணையோடு ஒரு பருவம் முழுக்கத் தனியே ஆய்வு செய்யப் பல பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், யோசிக்காமல் கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் முறை என்பேன்.

கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்டது. மீட்டிய தந்தியின் நாதத்தைக் கணினியில் எழுப்பும் வழி. நூறு இடங்கள் கொண்ட வரிசையில் வாய்க்கு வந்த எண்களை நிரப்புங்கள். அது வெறும் இரைச்சல். முதல் எண்ணை ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிட்டு, அதையும் அடுத்ததையும் கூட்டி இரண்டால் வகுத்து, வரிசையின் கடைசியில் சேருங்கள். நொடிக்கு 44,100 முறை இதே வேலை. அவ்வளவுதான்! ‘டங்’ என்று ஒரு தந்தி அதிர்ந்து, கூர்மை மழுங்கி, மெல்ல அடங்கும். சராசரி எடுக்க எடுக்க உயர் அதிர்வெண்கள்தாம் முதலில் கரைகின்றன. நிஜத் தந்தியிலும் அப்படியே.

சிக்கல் சுருதியில். அதைத் தீர்மானிப்பது வரிசையின் நீளம். 50 இடங்களை 49 ஆக்கினால் சுமார் 18 ஹெர்ட்ஸ் தாவிவிடும், நடுவே எதுவும் கிடையாது. கமகம் கேட்டு வளர்ந்த காது இதைப் பொறுக்குமா? டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் அதே ஆண்டில் ஒரு வடிகட்டியைச் சேர்த்து அந்த இடைவெளியை அடைத்தார்கள்.

தம்புரா வேண்டுமென்றால் கதையே வேறு. குதிரையில் தந்திக்கடியில் செருகும் நூல் எழுப்பும் ரீங்காரம் வெறும் சராசரிக்கு மசியாது. தந்தி குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகுவதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். வழிகாட்டியிடம் இன்னொரு பருவம் கேட்டுப் பாருங்கள்.