இலவு காத்த கிளியும் கவிதையின் இறுதி வரியும்

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கவிதைகளை ஒருசேர வைத்து வாசிப்பவர் ஒரு விடயத்தைக் கவனிக்காதிருக்க முடியாது. தொடக்கங்கள் பலவிதம், முடிவு பெரும்பாலும் ஒரேவிதம். ஒன்று பனந்தோப்பில் தொடங்கும். ஒன்று பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பில் தொடங்கும். மற்றொன்று கைவிடப்பட்ட மையவாடியில் தொடங்கும். எங்கே தொடங்கினாலும் இறுதி வரியில் ஒரு விடியல் வந்து நிற்கும். திரும்புவோம், ஊர் எமக்காகக் காத்திருக்கிறது, இருள் விலகும் என்ற உறுதிமொழியோடு கவிதை தன் கடையைக் கட்டிவிடும்.

இந்த இறுதி வரியைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். அதை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. அந்த வரி ஒரு சமூகத்துக்குச் செய்த உதவியும் உண்டு, அதே வரி இழைத்த கெடுதியும் உண்டு. முதலாவதைப் பற்றி எமது விமர்சனம் நிறையவே பேசியிருக்கிறது. இரண்டாவதைத் தொடத் தயங்கியிருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாக நினைவுகொள்வோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் தமது கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களின் தொகை ஏறத்தாழ 75,000. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 ஆம் திகதி மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியால அவகாசமே கொடுத்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். புத்தளம் மாவட்டத்தின் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அவர்களால் நிறைந்தன. பிறகு தென்னந்தோப்புகளுக்கிடையே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. 'சில வாரங்கள்' என்று எண்ணி வந்தவர்கள் இருபது ஆண்டுகளை அங்கே கழித்தார்கள்.

அந்தக் கொட்டில்களில் நம்பிக்கை ஓர் ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. அரிசி, மண்ணெண்ணெய் போல அதுவும் அன்றாடத் தேவை. நேற்றுவரை கடையும் காணியும் உடையவராக இருந்த ஒருவர் இன்று வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் குனிந்து நிற்க வேண்டுமானால், இது தற்காலிகம் என்ற எண்ணம் முதுகைத் தாங்க வேண்டும். அந்த எண்ணத்துக்கு மொழி கொடுத்தவர்கள் கவிஞர்கள். இறுதி வரி ஒரு துஆவைப் போல ஓதப்பட்டது. நிவாரண அட்டைக்கு வெளியே தமக்கொரு பெயரும் ஊரும் உண்டென்பதை அது நினைவூட்டிக்கொண்டேயிருந்தது. இந்த உதவியைக் குறைத்து மதிப்பிடுபவர் பட்டவரின் நிலையை அறியாதவர்.

ஆனால் தமிழில் இலவு காத்த கிளி என்றொரு வழக்கும் இருக்கிறது. இலவங்காய் பழுக்கும் என்று கிளி காத்திருக்கிறது. காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறக்கிறது. கிளியின் குற்றம் காத்திருந்தது மட்டுமன்று. காத்திருந்த காலம் முழுவதும் வேறு மரத்தை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நம்பிக்கை பொறியாவது இந்த இடத்தில்தான். நாளை கிடைக்கப்போகும் மகிழ்ச்சிக்காக இன்றைய வாழ்வை வாழாமல் ஒத்திவைப்பதே அந்தப் பொறி.

புத்தளத்தில் இந்த ஒத்திவைப்புப் பல வடிவங்களை எடுத்தது. 2002 இல் யுத்த நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் சந்தித்து, முஸ்லிம்கள் திரும்புவது பற்றி உடன்பாடு கண்டார்கள். பலர் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். காய் பஞ்சாய்ப் போயிற்று. 2007 இல் உலக வங்கியின் உதவியோடு வீடமைப்புத் திட்டம் வந்தபோது, சீமெந்துச் சுவரை எழுப்பினால் ஊரைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற கேள்வி எழுந்தது. மழைக்கு ஒழுகும் கிடுகு ஊர்ப்பற்றின் சான்றாகவும், ஒழுகாத கூரை துரோகத்தின் சாயலாகவும் பார்க்கப்பட்ட மனநிலை அது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. திரும்பிச் சென்றவர்கள் காடு மூடிய காணிகளையும் கூரையற்ற சுவர்களையும் எல்லைத் தகராறுகளையும் கண்டார்கள். உதவி வழங்கியோரின் பட்டியலில் அவர்கள் 'பழைய அகதிகள்' ஆகிவிட்டிருந்தார்கள்.

நம்பிக்கையால் பிறருக்குக் கிடைத்த இலாபத்தையும் சொல்லியாக வேண்டும். திரும்புவார்கள் என்ற பேச்சு இருக்கும்வரை, இருக்கும் இடத்தில் அவர்களுக்குச் செய்ய வேண்டியதை எவரும் தள்ளிப்போடலாம். வாக்கு ஓரிடத்திலும் வாழ்க்கை இன்னோரிடத்திலுமாக ஒரு சமூகம் நீண்ட காலம் வைக்கப்பட்டது. 2019 நவம்பர் 16 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கவென்று புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்ற பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. உயிரிழப்பு ஏற்படவில்லை. ஆனால் இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வாக்குச் சீட்டுக்காக ஒரு மக்கள் கூட்டம் மாவட்டம் கடந்து போக வேண்டியிருந்ததை எமது எந்தக் கவிதையின் இறுதி வரி பேசியது?

இலக்கியத்துக்கு நேர்ந்த நட்டம் இதனினும் நுட்பமானது. விடியலை நோக்கியே முகத்தைத் திருப்பி வைத்திருந்த கவிதை, காலடியில் கிடந்த மணலைப் பார்க்கவில்லை. புத்தளம் அக்கவிதைகளில் ஓர் ஊராக வருவதில்லை. ஒரு தரிப்பிடமாகவே வருகிறது. உப்பளங்களும் களப்பும் மீன்வாடிகளும் வெறும் பின்திரை. இங்கு பிறந்தவர்களும் வந்தவர்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியது, பாடசாலை இடத்துக்கும் தொழிலுக்கும் முட்டிக்கொண்டது, பின்னர் சம்பந்தம் செய்துகொண்டது எல்லாம் நாவலாக வேண்டிய விடயங்கள். அவற்றை எழுதினால் திரும்பும் உரிமை நீர்த்துப்போகும் என்ற பயம் பேனாவைத் தடுத்தது.

கற்பிட்டிக் குடாநாட்டின் பாடசாலையொன்றில் படிப்பிப்பவன் என்ற வகையில் இதன் மறுபக்கத்தை நான் அடிக்கடி காண்கிறேன். 'எனது ஊர்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவராவது "எந்த ஊர் சேர்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. எழுதிக் கொண்டுவருவது உம்மம்மாவின் ஊரைத்தான். அந்தப் பிள்ளை சில நாட்களே கண்ட, அல்லது காணாத, ஊரின் பள்ளிவாசலும் கடற்கரையும் அழகாக வரும். நாள்தோறும் நடந்துவரும் மணல் ஒழுங்கை ஒரு வரியிலும் வராது. பிள்ளையின் மொழி எமது கவிதையின் மொழிதான். வாழாத ஊரை எழுதவும் வாழும் ஊரை எழுதாமல் விடவும் நாமே கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

எமது கவிஞர்களுக்கு இந்த மொழி வந்த வழிகளுள் ஒன்று பலஸ்தீனம். எம்.ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்பில் 1981 இல் வெளியான 'பலஸ்தீனக் கவிதைகள்' பலருக்குக் கைநூலாக இருந்தது. ஆனால் அந்த இலக்கியத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது பாதியே. திறப்பை எடுத்துக்கொண்டோம். கதவைத் தட்டிய பிறகு நடந்ததை எடுத்துக்கொள்ளவில்லை. கஸ்ஸான் கனஃபானி 1969 இல் வெளியிட்ட 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' என்ற குறுநாவலில், 1948 இல் கைக்குழந்தையைப் பிரிந்து ஓடிய பெற்றோர் 1967 யுத்தத்தின் பின் தம் பழைய வீட்டைத் தேடிப் போகிறார்கள். வீடு இருக்கிறது. மகனும் இருக்கிறான், வேறொரு தாயின் பிள்ளையாக, எதிர்த்தரப்பு இராணுவத்தின் சீருடையில். தாயகம் என்பது நினைவுகளின் தூசுக்குள் தேடும் பொருளன்று, இனிச் செய்யப்பட வேண்டியது என்ற முடிவுக்குத் தந்தை வந்துசேர்கிறார். தன் மக்களின் உரிமையில் கனஃபானிக்கு இம்மியளவும் ஐயம் கிடையாது. இருந்தும் அவர்களின் ஏக்கத்தைக் கேள்வி கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. எமீல் ஹபீபி 1974 இல் எழுதிய நாவலில் நம்பிக்கையையும் அவநம்பிக்கையையும் குறிக்கும் இரு அரபுச் சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கி அதையே தன் கதாநாயகனுக்குப் பட்டமாகச் சூட்டினார். எது நடந்தாலும் 'இதைவிட மோசமாக நடக்கவில்லையே' என்று ஆறுதல் கொள்ளும் பாத்திரம் அது. எமது முகாம்களில் அந்த மனிதரைக் காணாதவர் யார்? ஆனால் அவரை எழுதியவர் எத்தனை பேர்?

இந்தப் பாகுபாட்டுக்கு நாம் பலஸ்தீனம் வரை போக வேண்டியதுமில்லை. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா உலூமுத்தீன்' நூலில் அச்சத்தையும் ஆதரவையும் பற்றிப் பேசும் பகுதியில் ஒரு விவசாயியை முன்னிறுத்துகிறார். நல்ல நிலத்தில் நல்ல விதையிட்டு, நீர் பாய்ச்சி, களை பிடுங்கிவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பது 'ரஜா'. நல்ல நிலத்தில் விதைத்துவிட்டு நீருக்கு வழிசெய்யாமல் மழையை எதிர்பார்ப்பது 'தமன்னி', வெறும் ஆசை. உவர் நிலத்தில் விதையைப் போட்டு, ஒன்றும் செய்யாமல் விளைச்சலை எதிர்பார்ப்பது 'குரூர்', தன்னைத் தானே ஏமாற்றுதல். ரஜாவுக்கு எமது முஸ்லிம் தமிழ் கொடுத்த சொல் 'ஆதரவு'. தாங்கிப் பிடித்தல் என்பதும் அதன் பொருள். தாங்கிப் பிடிக்காத எதிர்பார்ப்பு ஆதரவாகாது என்பது சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. மணலில் கிணறு வெட்டி, வாளியால் இறைத்து வெங்காயமும் புகையிலையும் விளைவித்த கற்பிட்டி மண்ணுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

எமது மேடைகளில் வந்தவர்களை முஹாஜிர்கள் என்றும் வரவேற்றவர்களை அன்சாரிகள் என்றும் சொல்வது வழக்கம். அந்த வரலாற்றையும் நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். ஹிஜ்ரி 8 இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. திரும்பும் வழி முழுவதுமாகத் திறந்தது. நபிகள் நாயகம் (ஸல்) தம் பிறந்த ஊரில் தங்கிவிடுவார்களோ என்று அன்சாரிகள் கலங்கினார்கள். நாயகமோ மதீனாவுக்கே திரும்பினார்கள். இடையில் கழிந்த ஆண்டுகளில் மதீனாவில் யாரும் கூடாரத்தில் குந்தியிருக்கவில்லை. பள்ளிவாசல் கட்டினார்கள், சந்தை அமைத்தார்கள், விதைத்தார்கள். மக்காவின் மீதான உரிமையும் மதீனாவின் மீதான பற்றும் ஒன்றையொன்று விழுங்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். நம்பிக்கையைக் கேள்வி கேட்பது, வெளியேற்றியவர்களின் வேலையை முடித்துக்கொடுப்பதாகாதா? நியாயமான அச்சம். விடை, உரிமையையும் எதிர்பார்ப்பையும் வேறுபடுத்துவதில் இருக்கிறது. உரிமை நம் மனநிலையைப் பொறுத்ததன்று. நாம் சோர்ந்தாலும் அது காலாவதியாவதில்லை. அதற்கு வேண்டியது உறுதி, பதிவேடு, சாட்சியம். 2018 இல் காலமான பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் செய்தது அந்தப் பணி. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த அவர் விடியலைப் பாடிக்கொண்டிருக்கவில்லை. இழப்புகளைக் கணக்கெடுத்தார், ஆவணப்படுத்தினார். கஸ்ஸாலியின் சொல்லில் அது நீர் பாய்ச்சுதல்.

கவிதைக்கும் இது இயலாத காரியமன்று. முல்லை முஸ்ரிபாவின் தொகுதியொன்றின் பெயர் 'அவாவுறும் நிலம்'. அந்தத் தலைப்பின் இலக்கணமே ஒரு திறப்பு. நாம் அவாவுறும் நிலமா, நம்மை அவாவுறும் நிலமா? இரண்டாவது பொருளில் வாசித்தால், நிலத்துக்கு வேண்டியது கண்ணீரன்று, கை. மண்வெட்டி பிடித்த கை, மனு எழுதிய கை, பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை. தலைப்பொன்றின் இரட்டைப் பொருள் இவ்வளவைச் சொல்லுமானால், இறுதி வரியை ஏன் நாம் ஒற்றைப் பொருளில் பூட்டி வைக்க வேண்டும்?

எனவே விமர்சகர்களாகிய நாம் இனி வரும் பிரதிகளிடம் கேட்க வேண்டியது, இதில் நம்பிக்கை இருக்கிறதா என்பதன்று. எந்த நிலத்தில் என்ன விதை, நீருக்கு என்ன வழி என்று கேட்போம். நாற்பது வரி துயரத்தின்பின் ஒரு வரி விடியலை ஒட்டவைத்த கவிதையை 'நம்பிக்கையூட்டும் படைப்பு' என்று முன்னுரையில் பாராட்டும் வழக்கத்தை நிறுத்துவோம். திரும்பிப்போய்ப் பாதி வாழ்பவர்களை, திரும்பாமல் இங்கேயே முழுதாய் வாழ்பவர்களை, இரண்டு ஊருக்குமிடையே பஸ்ஸில் வாழ்பவர்களை எழுதுவோருக்கு இடம் கொடுப்போம். மகிழ்ச்சியென்று ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தால், அது பெரும்பாலும் காத்திருந்த நாட்களில் கிடைத்ததன்று. காத்திருப்பை மறந்து கிணறு வெட்டிய நாளிலும், பெண்ணைக் கட்டிக்கொடுத்த நாளிலும், பிள்ளை சோதனையில் தேறிய நாளிலும் கிடைத்தது. அந்த நாட்களுக்கு எமது இலக்கியம் இன்னும் கடன்பட்டிருக்கிறது.