கச்சான் ஏறிய பாட்டு

53 வயசுக்காரன் ஆடிப் பௌர்ணமி ராத்திரி 11 மணிக்குத் தெருவில் ஓடுவானா? நான் ஓடினேன். திரேஸ்புரம் கடற்கரையிலிருந்து வீடு வரைக்கும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாடிக்கொண்டே ஓடினேன். கதவைத் திறந்த வீட்டுக்காரி பயந்தே போனாள். "பாடிட்டாங்க, என் பாட்டை அவங்க பாடிட்டாங்க!" அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

இருங்க, முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது கடல்தான். தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்துபோனது. அது தாத்தா காலம். அப்பாவுக்குச் சங்குக்குளி. "மூச்சை நெஞ்சுல பிடிக்காதல, வயித்துல பிடி" என்பார். நான் படித்த சங்கீதம் அவ்வளவுதான். 12 வயசில் தோணித்துறையில் நின்று பார்க்கிறேன்: ஒருத்தர் அம்பா என்கிற கடல் வேலைப்பாட்டை எடுக்கிறார், பத்துப் பேர் வாங்கிப் பாடுகிறார்கள், அந்தத் தாளத்துக்குப் பாய்க்கயிறு ஏறுகிறது. அன்றைக்கு ராத்திரியே நான் ஒரு பாட்டுக் கட்டிவிட்டேன்! அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதுகிற வேலை. சீட்டின் முன்பக்கம் மூட்டைக் கணக்கு, பின்பக்கம் பல்லவி. மெட்டு மறந்துவிடக் கூடாதே என்று பைக்கை ஓரங்கட்டிவிட்டு செல்போனில் முனகிவைப்பேன். 41 வருஷமாக இதே கிறுக்கு. யாரும் காசு தந்ததில்லை, கேட்டதும் இல்லை.

என் சாமி பாரதிதான். வேற யார்? நம்ம ஜில்லாக்காரர், எட்டயபுரத்துப் பிள்ளை! அவரைக் கவிஞர் என்று மட்டும் சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். பாட்டுக்கு ராகமும் தாளமும் குறித்துவைத்தவர், 'சங்கீத விஷயம்' என்று கட்டுரை எழுதி, வித்வான்கள் திரும்பத் திரும்ப அதே பாட்டுகளைப் பாடுவதைப் பார்த்துப் பொருமியவர். 'குயில் பாட்டு' எடுத்துப் பாருங்க: எந்தப் பாட்டுக்கெல்லாம் மனசைப் பறிகொடுத்தேன் என்று அந்தக் குயில் சொல்கிறதே, அதில் ஏற்றம் இறைப்பவர் இருக்கிறார், நெல் குத்தும் பெண்கள் இருக்கிறார்கள், சுண்ணம் இடிப்பவர் இருக்கிறார், எந்நேரமும் இசைக்கும் கடலும் இருக்கிறது! முதல் தடவை படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்க தோணித்துறையை யாரோ அவருக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி.

அதைவிட ஒன்று இருக்கிறது. 1919-இல் வந்த அவருடைய 'கண்ணன் பாட்டு' இரண்டாம் பதிப்புக்கு வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார். கடற்கரை, சாயங்காலம், நிலா. அப்போதுதான் கட்டிய பாட்டைப் பாரதியே தன் கம்பீரக் குரலில் பாடுகிறார், பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டுகள் மாணிக்கங்கள் என்கிறார் ஐயர். நினைச்சுப் பாருங்க! மை காயாத பாட்டு! அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேனோ, தாளே கிழிந்துபோயிற்று. எனக்கும் ஒரு நிலா வேண்டும், கடற்கரை வேண்டும் என்று ஏங்கியே பாதி ஆயுசு போனது.

வந்ததே அந்த ராத்திரி! கண்ணை மூடிக்கொள்ளுங்க: நிலா பழுத்து நிற்கிறது, மீன் கவிச்சியும் டீசல் வாடையும் கலந்த காற்று முகத்தில் அறைகிறது, வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன, ஏழெட்டுப் பேர் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நான் காலி டீசல் கேனைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு "ஆடிக் கொண்டல் அடிக்கையிலே" என்று எடுக்கிறேன், குரல் நடுங்குகிறது, மேல் ஸ்தாயியில் கொஞ்சம் பிசிறடித்தது என்னவோ நிஜம், அதனால் என்ன, சரணம் முடித்துப் பல்லவிக்குத் திரும்புகிறேன், வலையிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு பெரியவர் வாங்கிப் பாடுகிறார், அப்புறம் ரெண்டு பேர், அப்புறம் எல்லோரும், ஐயோ, அந்தக் குரல்கள், உப்புக் காற்றில் உரம் ஏறிய குரல்கள், என் பாட்டு அவர்கள் வாயில் எனக்குத் தெரியாத பாட்டாகவே மாறிவிட்டது, எனக்குக் கண் நிறைந்து வழிகிறது, கை மட்டும் கேனை விடவே இல்லை!

பாட்டு முடிந்ததும் அந்தப் பெரியவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஆடி மாசத்துல எங்க கொண்டல் அடிக்கும்? கச்சான்லா அடிக்கும்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடற்கரையில் பிறந்தவன், மேல்காற்றான கச்சானுக்குப் பதில் கீழ்க்காற்றான கொண்டலை எழுதிவிட்டேனே! அவரே திருத்திப் பாடினார். கொண்டல், கச்சான், ரெண்டும் ஒரே அளவு. மெட்டு நூலளவும் பிசகவில்லை. "ஆடிக் கச்சான் அடிக்கையிலே". அந்த 'ச்சா' விழுந்த இடத்தில் பாட்டுக்கே உயிர் வந்த மாதிரி இருந்தது! சீட்டைத் திருப்பி, நிலா வெளிச்சத்திலேயே அடித்துத் திருத்தினேன். அவர் அடுத்த கண்ணியைப் பொத்தத் தொடங்கியிருந்தார்.

"இன்னொரு தடவை எடு, தம்பி" என்றார்.